மாப்பிள்ளை பார்க்க ஆற்றுக்குப் போனேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மூன்று கள்ளப் பத்திரங்கள். ஒன்றில் 1974-ம் ஆண்டு முத்திரை, காகிதமோ போன வருஷத்துக் காகிதம். கொண்டுவந்தவன் கழுத்தில் தங்கச் சங்கிலி, வாயில் வேத வசனம். "உங்க தாத்தா செத்து ரெண்டு வருஷம் கழிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரே, எப்படி?" என்று கேட்டேன். இருமினான். நிலப் பதிவு அலுவலகத்தின் இந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இவர்கள் புதிதாக ஒரு பொய் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் நைல் கரை ஊரான ஜிஞ்சாவிலிருந்து அண்ணன் மகள் சூபி ஃபோனில் பேசினாள். நலம் விசாரிப்பதற்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது.

"அத்தை, ஒருத்தர் இருக்கார்."

"என்ன வேலை?"

"ஆத்துல. ரப்பர் படகுல ஆளுங்களக் கூட்டிட்டுப் போவார்."

"ஓடக்காரனா?"

"ஓடக்காரர் இல்ல அத்தை, வழிகாட்டி. வெளியூர்க்காரங்க வருவாங்க. நைல்ல தண்ணி பாறையில மோதி நுரையா விழுதில்ல, அந்தச் சரிவுல எல்லாம் இறக்கிக் கூட்டிட்டுப் போவார். சில சமயம் படகு கவுந்துரும். அதுக்குத்தான் வர்றாங்க."

"கவுத்து விடுறதுக்குச் சம்பளமா?"

பெயர் தென்யுவா. சோகா இனம், எங்கள் இனம் இல்லை, நைல் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். தோள்பட்டை நழுவிய ஒரு வெள்ளைக்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறான். சூபிதான் எக்ஸ்ரே எடுத்தாளாம். அந்த எக்ஸ்ரேயில் என் அண்ணன் மகளின் புத்தியும் நழுவிப்போயிருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாதா கோயிலிலிருந்து நேரே தம்பி கசிரியே வீட்டுக்குப் போனேன். அண்ணன் செத்ததிலிருந்து குடும்பத்துக்குத் தலைவன் இவன்தான். தலை இருக்கிறது, அதைச் சோபாவில் சாய்த்து வைத்திருக்கிறான். டிவியில் ஆர்சனல் கால்பந்து மாட்ச்.

"பையன் வந்து பார்த்தானா உன்னை?"

"ஃபோன்ல பேசினான். நல்லாத்தான் பேசுறான். ஜூன்ல பொண்ணு கேட்டு வரட்டுமான்னு கேட்டான். நீ சொல்றதுதான்க்கா."

நான் சொல்வதுதான். எப்போதும் நான் சொல்வதுதான், ஏனென்றால் சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவது நான் ஒருத்தி என்று ஆகிவிட்டது. ஆனால் இது என் உரிமையும்கூட. நான் அவளுக்குச் செங்கா, அப்பாவின் கூடப் பிறந்தவள். பெண் கேட்டு வரும் சடங்கில் நான் போய்க் கையைப் பிடித்து எழுப்பி "இவர்தான்" என்று சொல்லாமல் எந்த மாப்பிள்ளையும் எங்கள் குடும்பத்துக்குள் வர முடியாது.

வரட்டும் பார்க்கலாம். எல்லாச் சோகாக்காரர்களையும் போல வள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவன், தண்ணீரில் பிழைப்பவன், சொந்தமாக மண் இருக்கிறதோ இல்லையோ. என் கணவனைக் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நம்பிக் கட்டிக்கொண்டேன். பதினான்கு வருஷத்தில் அவன் வேறு வீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு யாரையும் பார்க்காமல் நான் முத்திரை குத்துவதில்லை.

பிப்ரவரி 26, புதன்

முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது எல்லாரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். வேலையிடத்தில் பார்க்க வேண்டும். மார்ச் 8, பெண்கள் தினம், விடுமுறை. அவன் கம்பெனியில் ஓர் இடம் பதிவு செய்தேன். ஃபெடரேசி என்ற என் பெயரில் இல்லை, கொரெட்டி என்று. ஃபோனை எடுத்த பெண் கேட்டாள், "நீச்சல் தெரியுமாம்மா?" தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம். பின் எதற்குக் கேட்கிறாள்?

மார்ச் 8, சனி. வீட்டில், இரவு உணவுக்கு முன்

எழுதிவிட வேண்டும், மறந்துபோகுமுன். போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். குளிர்தான்.

விடிவதற்குள் கிளம்பினேன். வழியில் நமவொஜ்ஜோலோ சாலைச் சந்தையில் டாக்சி வேன் நின்றதும் இருபது கைகள் சுட்ட கோழியையும் வாழைப்பழத்தையும் ஜன்னலுக்குள் திணித்தன. ஒன்றும் வாங்கவில்லை. ஜிஞ்சாவில் படகுக் கம்பெனியின் லாரி காத்திருந்தது. என் படகில் மொத்தம் ஐந்து பயணிகள். ஹாலந்திலிருந்து ஒரு கணவன் மனைவி, இருவரும் கருவாடு மாதிரி காய்ந்தவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் வெயில் களிம்பு பூசிக்கொண்டே வந்தார்கள். ஒரு மருத்துவ மாணவன், நாள் முழுக்க வாயே திறக்கவில்லை, அவன் மட்டும் பரவாயில்லை. பிறகு முத்தோனி. நைரோபிக்காரி, சவுரிமுடிக் கடை வைத்திருக்கிறாள். ஆற்றுக்கு வருகிறவள் ஒட்டு இமைமுடி வைத்து, நகத்துக்கு ஊதாச் சாயம் பூசி வந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்த உடனே கதை.

"விவாகரத்து ஆயிருச்சுக்கா. போன மாசம்தான். கொண்டாட வந்திருக்கேன்."

"வாழ்த்துகள்" என்றேன். கிண்டல் என்றுகூடத் தெரியாமல் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

தென்யுவா. முப்பத்து நாலு, முப்பத்தைந்து இருக்கும். குட்டையான ஆள், தோள் மட்டும் எருமைத் தோள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. ஒட்டுப் போட்ட ரப்பர் செருப்பு. வணக்கம் சொன்னான், பட்டியலைப் பார்த்தான், "கொரெட்டி அம்மா, வாங்க" என்றான். குரலில் சந்தேகம் ஒன்றும் இல்லை.

லைஃப் ஜாக்கெட்டை அவனே இறுக்கிக் கட்டினான். மூச்சே விட முடியவில்லை. தளர்த்தச் சொன்னேன். "மூச்சு விட முடியலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்மா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இந்த மாதிரி நகைச்சுவைக்குத்தான் வெள்ளைக்காரர்கள் டாலர் கொடுக்கிறார்கள் போல.

பிறகு பாடம். முன்னால் தள்ளு என்றால் தள்ள வேண்டும். குனி என்றால் துடுப்பைப் பிடித்தபடி படகுக்குள் குந்திவிட வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால் கட்டைவிரல் வெளியே தெரிய, மிதக்க வேண்டும். "யாரையும் பிடிக்காதீங்க. கயித்தப் பிடிங்க, படகப் பிடிங்க, துடுப்பப் பிடிங்க. மனுஷனப் பிடிக்காதீங்க." இதை மூன்று தடவை சொன்னான். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி.

முதல் சரிவு ஒன்றுமில்லை. இரண்டாவதில் அவன் "குனி!" என்று கத்தினான். நான் குனியவில்லை. எதற்குக் குனிய வேண்டும்? நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் எட்டி என் ஜாக்கெட்டைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான், மூட்டையை இழுப்பது போல. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை!

தண்ணீர் அடங்கிய இடத்தில் அன்னாசியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பக்கத்துப் படகில் கம்பாலாப் பெண் ஒருத்தி, எங்கள் மொழிக்காரி. அவளிடம் சத்தமாகவே சொன்னேன்: "இவங்களுக்கு வள்ளிக்கிழங்கை விட்டாத் தண்ணி, தண்ணிய விட்டா வள்ளிக்கிழங்கு. இதுல ஒருத்தன் எங்க வீட்டுல பொண்ணு கேக்குறான்னு வெச்சுக்கோ, கிழங்கு மூட்டையோடதான் வருவான்." அவள் சிரித்தாள். தென்யுவா அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரியும் என்று தெரியவில்லை.

மூன்றாவது சரிவில் படகு கவிழ்ந்தது.

எதிரில் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. படகு அதில் செங்குத்தாக ஏறி நின்றது, எல்லாரும் என் மேல் விழுந்தார்கள், பிறகு பச்சை, பிறகு கறுப்பு. எது மேல் எது கீழ் என்று இல்லை. மூக்கு, காது, தொண்டை எல்லாம் நைல். மேலே வந்ததும் முத்தோனி பக்கத்தில் இருந்தாள், கத்திக்கொண்டிருந்தாள். நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டேன். தைரியம் சொன்னேன். காவலுக்குக் கூடவே வந்த ஒற்றையாள் ஓடத்திலிருந்து ஒருவன் வந்து எங்களைப் பிரித்து இழுத்துப் போனான்.

படகை நிமிர்த்தி எல்லாரையும் ஏற்றியபின் தென்யுவா தலைகளை எண்ணினான். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். 

கடைசிச் சரிவுதான் பெரியது. அதற்கு முன்னால் கரை ஒதுக்கினான். மேல்பாதியில் படகே போகாதாம், எல்லாரும் பாறை மேல் நடந்து வந்து கீழ்ப்பாதியில் ஏற வேண்டும். நடந்தோம். ஏறும் இடத்தில் என்னை மட்டும் தனியே கூப்பிட்டான்.

"நீங்க இதுல ஏற வேண்டாம்மா. கரையோரமா நடந்து வாங்க. கீழ ஏத்திக்கிறேன்."

"ஏன்? எனக்கு வயசாயிடுச்சா?"

"அந்த ஹாலந்துக்காரருக்கு எழுபதும்மா. வயசு இல்ல. நீங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. ரெண்டு தடவ பார்த்துட்டேன். அப்புறம், தண்ணிக்குள்ள நீங்க அந்த அக்கா தோள் மேல ஏறி நின்னீங்க. அவங்க அடியில இருந்தாங்க."

"நான் அவளக் காப்பாத்தினேன்!"

"தண்ணி அப்படித்தாம்மா, யாரா இருந்தாலும் செய்ய வெக்கும். தப்பில்ல. ஆனா இது அதவிடப் பெருசு."

எல்லாருக்கும் கேட்டிருக்கும். அந்த மாணவன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தான். நான் சொன்னேன், "உன் முதலாளிகிட்டப் பேசுறேன். நான் யார்னு உனக்குத் தெரியாது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "தெரியும், ஃபெடரேசி அம்மா. பாறை வழுக்கும், பார்த்து நடங்க."

நடந்தேன். மரவள்ளித் தோட்டத்து ஓரமாக, துணி துவைக்கிற பெண்கள் பார்க்க, தலையில் ஹெல்மெட்டோடு.

பாறை மேலிருந்து பார்த்தேன். படகு இறங்கியது, காணாமல் போனது, வயிற்றைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. அவன்தான் முதலில் அதன் மேல் ஏறியவன். ஏறியதும் விரல் நீட்டி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரம் கழித்து நாலு. கடைசியாகத் திரும்பி, கரையில் என்னையும் தேடி எண்ணினான்.

மரியாதை தெரியாத ஆள். முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் "கொரெட்டி அம்மா, கொரெட்டி அம்மா" என்று நாளெல்லாம் நடித்திருக்கிறான். அப்படியானவன் எவ்வளவு அழுத்தக்காரன்? முடிவில் பீரும், கரையிலிருந்து எங்களை எடுத்த புகைப்படங்களும் உண்டு என்றார்கள். நிற்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

உடம்பு முழுக்க வலி. கோயிலுக்குப் போகவில்லை. இடது முன்கையில் நாலு கீறல், வரிசையாக, நகக் கீறல். முத்தோனியுடையதுதான். காப்பாற்றுகிற கையை யாராவது கீறுவார்களா? நாகரிகம் தெரியாதவள்.

மார்ச் 16, ஞாயிறு

கசிரியே வீட்டில் கூடினோம். நான் சொன்னேன்: வேண்டாம்.

"காரணம்?" என்றான், ரிமோட்டைக் கையில் வைத்தபடி.

"பெரியவங்களுக்கு மரியாதை தெரியாது. மனசுல ஒண்ணு, முகத்துல ஒண்ணு."

"அப்ப வேண்டாம்" என்றான். அவ்வளவுதான் விசாரணை. ஒரு மாட்டை விற்பதற்குக்கூட இவன் இதைவிட யோசிப்பான்.

சூபியைக் கூப்பிட்டுச் சொன்னோம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு மண்டியிடாமல் நின்றபடியே வணக்கம் சொன்னாள்.

"அத்தை, அவர நீங்க எங்க பார்த்தீங்க? உங்களப் பார்த்ததா அவர் சொல்லவே இல்லயே."

சொல்லவில்லையா?

"விசாரிச்சேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

"நாலு பேர்கிட்ட."

அவள் என்னையே பார்த்தாள். அண்ணனின் கண். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெந்த மட்டோகே வாழைக்காயை யாரும் தொடவில்லை. கசிரியே மட்டும் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

அவன் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்னை ஊர் சிரிக்க வைத்திருக்கலாமே. என்ன கணக்குப் போடுகிறான்?

மார்ச் 20, வியாழன்

அலுவலகத்தில் இருக்கும்போது ஃபோன் அடுத்தடுத்து மணி அடித்தது. முத்தோனி. அந்தக் கம்பெனிக்காரியிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். கரையிலிருந்து எடுத்த படங்கள், ஐந்து. கூடவே ஒரு வரி: "அக்கா, நாலாவதப் பாருங்க, என்னை முக்கி எடுத்துட்டீங்களே! நைரோபி வாங்க, ஒரு சவுரி இலவசம்."

நாலாவது படம். நுரை. கவிழ்ந்த படகின் ஓரம். நான் இடுப்புக்கு மேலே வெளியே இருக்கிறேன், வாய் திறந்து, கண் பிதுங்கி. என் ஒரு முழங்கால் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டின் மேல். ஹெல்மெட்டுக்குக் கீழே முகம் இல்லை, தண்ணீர்தான். தண்ணீரிலிருந்து ஒரு கை வெளியே வந்து என் இடது கையைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. ஊதா நகம்.

மார்ச் 21, வெள்ளி

பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஓரம் வெட்டி ஒட்டியதா, எல்லாம். அலுவலகத்துப் பூதக்கண்ணாடியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். பொய்யாக இருந்துவிடாதா என்று. இல்லை. அசல்.

மார்ச் 22, சனி

எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். "நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டேன். தைரியம் சொன்னேன்." யாரும் படிக்காத நோட்டு. யாரிடம் காட்டுவதற்காக அப்படி எழுதினேன்? கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. இருக்கட்டும், என் கையெழுத்துதானே.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுதான் விஷயம். எழுதும்போதே ஞாபகம் இருந்தது. காலுக்கடியில் ஏதோ கெட்டியாக இருந்தது, அது இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அது அசைந்தது. இன்னும் அழுத்தினேன்.

அவளை ஒரு பொம்மை மாதிரி நினைத்தேன். அந்தப் பொம்மை செத்திருந்தால்?

மார்ச் 23, ஞாயிறு

முத்தோனியைக் கூப்பிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "உன் தலை மேல ஏறி நின்னேன். மன்னிச்சுக்கோ" என்று மட்டும் வந்தது.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. கடையில் யாருக்கோ முடி வைத்துக்கொண்டிருந்தாள், கத்தரிச் சத்தம் கேட்டது.

"அட விடுங்கக்கா. முங்குறவங்க ஏணியத்தான் தேடுவாங்க. என் புருஷன் காஞ்ச தரையிலயே ஒன்பது வருஷம் என் மேல ஏறி நின்னான், ஒரு சாரி கேக்கல. நீங்க கேட்டுட்டீங்க."

பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. "ஆனா பயமாத்தான்க்கா இருந்துச்சு. எம் பொண்ணு ஞாபகம் வந்துச்சு."

அவளுக்கு ஒரு பெண் இருக்கிறாள். நான் கேட்டதே இல்லை.

மார்ச் 29, சனி

ஜிஞ்சாவுக்குப் போனேன், என் சொந்தப் பெயரில். படகுக் கொட்டகையில் தென்யுவா தனியாக இருந்தான். கவிழ்த்துப் போட்ட படகில் பசை தடவி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான், கையைத் துடைத்தான், முறைப்படி குசலம் விசாரித்தான். ஒரு பிளாஸ்டிக் ஜெரிக்கேனைக் கவிழ்த்து உட்காரக் கொடுத்தான். ஜெரிக்கேன்!

"என்னை எப்படித் தெரியும்?"

"சூபி பட்டம் வாங்குன ஃபோட்டோல நீங்க நடுவுல நிக்கிறீங்கம்மா. அவ பாதிதான் தெரிவா."

"தெரிஞ்சும் எல்லார் முன்னாடியும் இறக்கி விட்டே. பொண்ணு கேக்குற வீட்டுக்காரிய."

"ஆத்துல மரியாதைக்காக யாரையும் ஏத்த முடியாதும்மா. ஏத்தி, ஏதாவது ஆயிருந்தா, சூபிகிட்ட என்ன சொல்லுவேன்?" பசைத் தூரிகையைக் கீழே வைத்தான். "கிழங்கு மூட்டன்னு நீங்க சொன்னீங்கல்ல, அது புரிஞ்சுச்சு. கோபம் வந்துச்சு. அன்னாசியோட விரலையும் வெட்டிக்கிட்டேன். ஆனா அதுக்காக இறக்கல. இறக்குனது வேற."

தழும்பைக் காட்டினான். நிஜம்தான்.

"நான் வேண்டாம்னு சொன்னது தெரியுமா?"

"சூபி அழுதா. தெரியும்."

"அப்பவாவது நான் செஞ்சத அவகிட்டச் சொல்லியிருக்கலாமே. படத்தைக் காட்டி மிரட்டியிருந்தாக்கூட நான் சரின்னு சொல்லியிருப்பேன்."

"அப்படி வாங்குன சரிய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் பயந்து ஏதாவது செய்வாங்க. அழுவாங்க, காலப் பிடிப்பாங்க, சொந்தப் பொண்டாட்டியத் தள்ளி விட்டவர்கூட இருக்கார். அத நான் கரைக்குக் கொண்டு வர்றதில்ல."

 பசை நாறியது. உடைந்த பல்லைக் கட்டிக்கொள்ளக்கூடாதா இந்த ஆள் என்று அப்போதும் தோன்றியது. எழுதிவிடுகிறேன், தோன்றியதைத் தோன்றியதாக.

திரும்பும்போது பஸ் நிலையம் வரை கூட வந்தான்.  

ஏப்ரல் 5, சனி

சூபியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கொரெட்டியில் ஆரம்பித்து. நாலாவது படத்தைக் காட்டினேன். அவள் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

மன்னிப்பாள் என்று நினைத்தேன். அல்லது கத்துவாள் என்று. கத்தினாள்தான், ஆனால் என்னைப் பார்த்து மட்டும் இல்லை.

"மூணு வாரமா! தினம் ராத்திரி அவர்கிட்ட அழுதிருக்கேன், அத்தைக்கு ஏன் பிடிக்கலன்னு. 'தெரியல, பெரியவங்க, விடு'ன்னார். தெரியலயாமே! நீங்க பொய் சொன்னீங்க, அவர் வாய மூடிக்கிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்னவா நினைச்சீங்க?"

"அவன் என் மானத்தக் காப்பாத்தினான் சூபி."

"உங்க மானம்! என் வாழ்க்கை, உங்க மானம்!" கதவைத் திறந்து பிடித்தாள். "போங்க அத்தை. அவரையும் வர வேண்டாம்னு சொல்லப் போறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாள். அவனுடையதையும் எடுக்கவில்லையாம். அவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறான்: "அம்மா, சாப்பிட்டாளாமா?" எனக்கெப்படித் தெரியும், முட்டாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வேடிக்கை. அவனை விரட்டப் போனவள் அவனுக்காக வக்கீல் வேலை பார்க்கிறேன். சூபிக்கு ஒரு கடிதம் எழுதினேன், காகிதத்தில், பேனாவால். அவனைப் புகழவில்லை. புகழ்ந்தால் நம்ப மாட்டாள், என்னைத் தெரியும் அவளுக்கு. நடந்ததை மட்டும் எழுதினேன். கரையில் நின்றவளையும் சேர்த்து எண்ணினான் என்று எழுதினேன். சொல்லாமல் இருந்தது அவன் தப்பு, சொல்ல விடாமல் செய்தது என் தப்பு, இரண்டும் ஒரே எடை இல்லை என்று எழுதினேன். "அவன் அழகன் இல்லை" என்றும் எழுதினேன். அது உண்மை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்தால் வாசலில் சூபி. பின்னால் அவன், ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்தபடி. இருவர் முகமும் அழுது கழுவின முகம்.

"உங்க லெட்டரப் படிச்சேன் அத்தை. இவர்கிட்டக் கேக்க வேண்டியதையும் கேட்டாச்சு. ஒரு நிபந்தனை. ஆத்துல நடக்கிறது ஆத்தோட இருக்கட்டும். நம்ம வீட்டு ஆள் சம்பந்தப்பட்டா எனக்குச் சொல்லணும்."

"சொல்றேன்னு சொன்னேன்" என்றான் அவன்.

"சொல்லுவானா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லுவார்" என்றாள், என்னைக் கூர்மையாகப் பார்த்து. "நீங்க?"

கோழியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மெலிந்த கோழி. குழம்பு நன்றாகத்தான் வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கசிரியே வீட்டில் சொன்னேன்: நான் சொன்ன காரணம் பொய். காரணமே இல்லை. வரட்டும்.

"அப்ப வரட்டும்" என்றான். இந்தத் தடவை டிவியை அணைத்துவிட்டு, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டான். சொன்னேன். கடைசிவரை கேட்டான். என் தம்பிக்குக் கேட்கத் தெரியும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 14, சனி

பெண் கேட்டு வரும் நாள். விடியற்காலை மழை, பந்தலெல்லாம் சேறு. என் கொமேசி உடையின் இடுப்புப் பட்டையைக் கட்டவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவர்களுடைய பேச்சாளன் மைக்கைக் கடித்துக் கடித்துப் பேசினான். கேக்குக்கு நீலச் சாயம். எவன் சொன்னான் நீலம் என்று?

நாற்பது பேர் வெள்ளைக் கன்சு அங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவன், வாயை இறுக்க மூடிக்கொண்டு. நான் போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன். கை சில்லென்றிருந்தது. ஆற்றில் கூட அவன் கை சில்லென்று இல்லை.

எங்கள் பக்கத்துப் பேச்சாளர் முறைப்படி கேட்டார்: "செங்கா, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவருக்கும் என்னைத் தெரியும்."

கூட்டம் சிரித்தது, ஏதோ நான் நகைச்சுவை சொன்ன மாதிரி. முத்தோனிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஆம், வந்திருந்தாள், சிவப்புச் சவுரியோடு, மகளையும் கூட்டிக்கொண்டு. அவன் சிரிக்கவில்லை. தலை குனிந்து நின்றான்.

பிறகு கொண்டுவந்தவற்றைப் சரிபார்த்து வாங்கும் வேலையும் எனக்குத்தான். கூடைகள், துணிகள், சர்க்கரை, ஆறு ஆடு. கடைசி ஆடு பின்னங்காலை இழுத்தது. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.